கோபம் ஏன் எப்பவும் கீழ்நோக்கியே பாயுது?

கம்பஸ் லீவில எங்களில் சிலர் ஒரு புடைவைக் கடையில் வேலைக்கு நின்றோம். தீபாவளிக் காலம், சரியான சனம். பில்லில் ஒரு சாறியின் விலை மாறி விழுந்துவிட்டது. முகாமையாளர் வந்த சனத்துக்கு முன்னாலேயே காசாளர் அக்காவுக்கு ஏசினார். அக்கா பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தா. அடுத்து வந்தவரைப் பார்த்து, "வாங்கோ அம்மா" என்று சிரித்தா. பின்னேரம் முதலாளி வந்து சத்தம் போட்டபோது, அதே முகாமையாளர் கையைக் கட்டிக்கொண்டு, "ஓம் சேர், ஓம் சேர்" என்று நின்றார். கோபத்தை அடக்க அவருக்கும் நல்லாத் தெரியும் என்று அப்பதான் விளங்கியது.

உள்ளே என்ன இருந்தாலும் வெளியே சிரிக்கவேண்டிய வேலையை 'உணர்ச்சி உழைப்பு' என்றார் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட். 1983 இல் விமானப் பணிப்பெண்களை வைத்து அதை எழுதினார். எங்கட வேலைத்தளங்களில் அந்த உழைப்பு பெரும்பாலும் கீழே நிற்பவர்களின் தலையில்தான். "கோபப்படாதேங்கோ, பொறுமையா இருங்கோ" என்ற புத்திமதியும் அவர்களுக்குத்தான். வள்ளுவரோ வெகுளாமை அதிகாரத்தின் முதற் குறளிலேயே, தன் கோபம் பலிக்கக்கூடிய இடத்தில் அதைக் காப்பவனைத்தான் கணக்கில் எடுக்கிறார். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, விட்டால் என்ன என்று கேட்கிறார்.

சரி, நாங்கள் மட்டும் என்ன திறமோ? போன வருஷம் பீட நாடக விழாவுக்கு மைக் வர அரை மணித்தியாலம் பிந்தியது. பொறுப்பாய் இருந்த ஜூனியர் தம்பிக்கு எல்லோருக்கும் முன்னால் கத்தினோம். பிறகுதான் தெரிந்தது, வாகனத்துக்குக் காசு கொடுக்க மறந்தது நாங்கள்தான். இரவு தனியாக மெசேஜில் 'சொறி' போட்டோம். "பரவாயில்லை அண்ணா" என்றான். அடுத்த நிகழ்ச்சிக்கு அவன் வரவில்லை.

தலைவர்கள் சொல்வதைக் குறைத்து, பணிவோடு கேட்கப் பழகவேண்டும் என்று எழுதியவர் எட்கர் ஷைன். கீழே உள்ளவர் பயமில்லாமல் கதைத்தால்தான் மேலே உள்ளவருக்குப் பிழை தெரியவரும். "என்ன தம்பி நடந்தது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், காசு வரவில்லை என்று அவன் சொல்லியிருப்பான்.

பணிவு எண்டால் மேலே உள்ளவருக்குக் குனிவது எண்டுதான் பழகியிருக்கிறோம். நாளைக்கு எங்களில் பலர் பாடசாலைக்கும் பிரதேச செயலகத்துக்கும் வேலைக்குப் போவோம். ஒரு கதிரை கிடைக்கும், முன்னால் ஆக்கள் நிற்பார்கள். ஏச முதல் கேட்போம். எல்லோருக்கும் முன்னால் ஏசிவிட்டால், மன்னிப்பையும் எல்லோருக்கும் முன்னாலேயே கேட்போம்.

அந்தத் தம்பியிடம் அப்படி நாங்கள் இன்னும் கேட்கவில்லை. வாற கூட்டத்துக்கு அவனைக் கூப்பிட்டிருக்கிறோம்.