செய்வினைப் பயத்தில் மதம் வளர்க்காதீர்கள்

வன்னியில் கும்பிடும் இடம் வேறானாலும் ஒரு நம்பிக்கை எல்லா வீட்டிலும் உண்டு. பிள்ளைக்கு வலிப்பு வந்தாலும், மகளின் கலியாணம் தள்ளிப்போனாலும் வளவுக்குள் தகடு தேடுகிறோம். பூசாரி தேசிக்காய் வெட்டிக் கழிப்புக் கழிக்கிறார். ஓதிப்பார்ப்பவர் தண்ணீரில் ஊதி நூல் கட்டுகிறார். ஜெபக்கூட்டத்தில் போதகர் தலையில் கைவைத்துப் பேயை விரட்டுகிறார். மூன்று இடத்திலும் கேட்கும் சொல் ஒன்றுதான்: "உங்களுக்கு ஆரோ செய்திருக்கினம்."

"ஆரோ" என்றதும் மனம் அயலட்டையில் ஒரு முகத்தைத் தேடும். வேலிச் சண்டைக்காரியில் தொடங்கி வேற்று மதத்தவரில் போய் நிற்கும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் துரத்தப்பட்ட முஸ்லிம்கள் முல்லைத்தீவுக்குத் திரும்பி, 2009 போரில் எல்லாம் இழந்த தமிழரோடு மீண்டும் அயலவராகும் காலம் இது. இந்த மண் இன்னொரு சந்தேகத்தைத் தாங்காது.

இந்தப் பயத்தை மதம் பரப்பும் வழியாகப் பார்ப்பதும் புதிதல்ல. முஸ்லிம்களின் தாயத்து, ஜின் நம்பிக்கைகளைப் பற்றி அமெரிக்க மிஷனரி சாமுவேல் சுவேமர் 1920இல் தனி நூலே எழுதினார். பேயோட்டிக் காட்டினால் அவர்களை வெல்லலாம் என்போர் பின்னாளில் பெருகினர். எங்கள் ஊர்களில் சில ஜெபக்கூட்டங்கள் சைவரை அழைப்பதும் இப்படித்தான். தாயத்தை அறுத்துவிட்டுச் செய்வினையை உண்மையென்று உறுதிப்படுத்துவது விடுதலை அல்ல.

வேதங்களும் இந்தப் பயத்துக்குத் துணை நிற்கவில்லை. இறைவன் நாடாமல் சூனியத்தால் எவருக்கும் தீங்கு செய்ய முடியாது என்கிறது குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம். எபேசு நகரில் விசுவாசிகளானவர்கள் 50,000 வெள்ளிக்காசு பெறுமதியான மந்திர நூல்களை விற்காமல் எரித்தார்கள் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள்.

"மனதுக்கு ஆறுதல்தானே" என்பார்கள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன், காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் போராடத் தொடங்கிய தாய்மாரை நினையுங்கள். பிள்ளையைக் காணாத தாயின் நித்திரையின்மைக்குச் செய்வினை காரணமென்றால், பதில் சொல்லவேண்டிய அரசு தப்பிவிடுகிறது. வலிப்புக்குக் கழிப்புக் கழித்தால் மருந்து பிந்துகிறது.

மதத் தலைவர்களே, "உனக்கு ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை" என்று பிரசங்கத்திலும் குத்பாவிலும் கோவில் மண்டபத்திலும் சொல்லுங்கள். வலிப்புக்கு வைத்தியசாலையைக் காட்டுங்கள். மனம் உடைந்தவருக்கு 1926 என்ற மனநல உதவி இலக்கத்தைக் கொடுங்கள். காணாமற்போனோருக்காக அரசிடம் கேளுங்கள். பிறகு உங்கள் கடவுளைப் பற்றிப் பேசுங்கள். பயமில்லாமல் வருபவரே மெய்யாக நம்புபவர்.