கஞ்சக்கருவிகளும் ‘ஜால்ரா’ என்னும் பொதுச்சொல்லும்

இசைக்கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம் எனப் பகுத்த தமிழ் மரபு அப்பகுப்போடு அமைந்துவிடவில்லை. சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் முழவினை மட்டும் அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு, பண்ணமைமுழவு, நாண்முழவு, காலைமுழவு என எழுவகைப்படுத்துவார். இன்ன இடத்திற்கு இன்ன கருவியே உரியது என்னும் தெரிவு இப்பகுப்பினுள் அமைந்துகிடத்தல் காணலாம். இவ்வுரையை மேற்கோளாக ஆளும் ஆய்வாளர் சிலர், கஞ்சக்கருவிகளைப் பற்றி எழுதும்போது மட்டும் இந்நுண்மையைக் கைவிட்டு, அனைத்தையும் ‘ஜால்ரா’ என்னும் ஒரு சொல்லுள் அடக்கிவிடுகின்றனர். இது சொற்சுருக்கம் அன்று, பொருட்பிழை.

இப்பிழை ஒப்பாய்விலும் புகுந்துள்ளது. தஞ்சையில் மராட்டியர் ஆண்ட காலத்தில் (1676–1855) வேரூன்றிய மராட்டியக் கீர்த்தன மரபு, தமிழகக் கதாகாலட்சேபத்திற்கும் பஜனைக்கும் ஊட்டம் தந்தது. அதனால் மராட்டிய வழிபாட்டிசையை நோக்குதல் தமிழாய்வுக்கு இன்றியமையாததாகும். அட்டவிநாயகத் தலங்களுள் ஒன்றாகிய ரஞ்சன்காவ் அமைந்துள்ள புனே மாவட்டத்தையே சான்றாகக் கொள்ளலாம். அங்கு அபங்கம் பாடிச் செல்லும் வார்கரி அடியார் கைக்கொள்வது ‘டாள்’. தடித்த, சிறிய, குழிந்த இணை. விநாயகர் ஊர்வலத்தில் டோல், தாஷா ஆகியவற்றோடு ஒலிப்பது ‘ஜாஞ்ச்’. அகன்ற, மெல்லிய தகட்டிணை. முன்னது பாடற்சொல்லுக்கு இடம்விட்டு அடங்கும். பின்னது பெருமுழக்கத்தின் மேலெழுந்து ஒலிக்கும். ஒன்றனிடத்தில் மற்றொன்றை வைப்பின், அபங்கத்தின் சொல் அமிழும். அல்லது ஊர்வலத்தின் முழக்கில் தாளம் மறையும். மராத்தியர் இரு பெயரால் வேறுபடுத்தும் இவற்றைத் தமிழில் ஒரு பெயரால் குறித்தபின், எதனை எதனோடு ஒப்பிடுவது?

‘தாளத்தின் பயன் காலக்கணக்கைக் காட்டுதலே, வடிவம் எதுவாயினும் பயன் ஒன்றே’ என்பார் உளர். இக்கூற்று ஏற்புடைத்தன்று. நட்டுவாங்கத் தாளத்தில் ஒரு தட்டு இரும்பினாலும் மற்றொன்று வெண்கலத்தாலோ பித்தளையாலோ அமைதல், உலோக வேறுபாடே ஒலிநயமாகும் என்பதற்குச் சான்று. நாகசுரக் குழுவின் கனத்த தாளம் திறந்தவெளிக்கு உரியது. கேரளப் பஞ்சவாத்தியத்தின் இலைத்தாளம், திமிலைக்கும் மத்தளத்திற்கும் ஈடுகொடுக்கும் கனமுடையது. கோலால் அறையப்படும் சேகண்டி இணைத்தாளமே அன்று. ஆயினும் அதுவும் இப்பொதுச்சொல்லுள் அடைக்கப்படுவதுண்டு.

தமிழில் சொல் இல்லை என்றும் கூறவியலாது. மலைபடுகடாம் பாண்டிலைச் சுட்டுகிறது; அதுவும் உருக்கித் தகடாக்கிய அதன் செய்முறையோடு சுட்டுகிறது. திருக்கோலக்காவில் சம்பந்தர் பெற்றது பொற்றாளம் எனப் பெரியபுராணம் பேசும். குழித்தாளம், கைத்தாளம், பிரமதாளம் என்பன வழக்கிலுள்ள பெயர்கள். குறை மொழியினிடத்தன்று; ஆள்வாரிடத்தே உளது.

இப்பொதுமையால் விளையும் கேடு ஏட்டளவில் நில்லாது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் திருப்பதியம் பாடுவார் நாற்பத்தெண்மரோடு உடுக்கை வாசிப்பார் ஒருவரையும் கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் இராசராசன் கல்வெட்டுத் தனித்தனியே குறிக்கிறது. கருவிக்குப் பெயர் இருந்தது. பெயரால் பணி இருந்தது. பணியால் கலைஞர் வாழ்ந்தனர். இன்றோ பல கோயில்களில் முரசும் மணியும் தாளமும் ஒரே மின்விசைப் பொறியில் பூட்டப்பட்டு முழங்குகின்றன. எல்லாம் ‘ஓசை’ எனின், பொறியே போதும் என்னும் முடிவை எவ்வாறு மறுப்பது? அறிஞர் ஏட்டில் அழித்த வேறுபாட்டையே பொறி கோயிலில் அழிக்கிறது.

எனவே கஞ்சக்கருவி ஒவ்வொன்றையும் உலோகம், வடிவம், கனம், ஒலி நிலைக்கும் அளவு, உரிய இடம் ஆகிய ஐந்தாலும் விளக்கி, வட்டார வழக்குப் பெயரோடு பதிவுசெய்தல் வேண்டும். முழவுக்கு எழுவகை கண்ட உரைமரபின் வழிவந்தோர், தாளத்திற்கு ஒரு சொல் போதும் என்று அமைதல் தகாது.