அந்த 12 பேர் யாரு?

பாண்டிச்சேரி முதலியார்பேட்டைப் பக்கம் போயிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? 2020-ல் மூடின ஏ.எஃப்.டி. மில் அங்கேதான் இருக்கு. 1936 ஜூலை 30-ல், பாண்டிச்சேரி மில் தொழிலாளர்களை பிரெஞ்சு அரசு சுட்டதில் 12 பேர் பலி. அடுத்த வருஷமே 8 மணி நேர வேலை சட்டமாச்சு. இன்னிக்கும் வருஷா வருஷம் தொழிற்சங்கங்கள் அஞ்சலி செலுத்துறாங்க. சரி, அந்த 12-ல் ஒருத்தர் பேராவது தெரியுமா?

ஜெர்மனியைப் பாருங்க. நாஜிகள் கொன்ற யூதர்கள் சுமார் 60 லட்சம். அவ்ளோ பெரிய எண்ணிக்கை மனசுல ஒட்டாது. அதனால குன்டர் டெம்னிக்னு ஒரு கலைஞர், 1990-களில் ஒரு வேலையைத் தொடங்கினார். நாஜிகளிடம் சிக்கியவர்கள் வாழ்ந்த வீட்டு வாசலில், உள்ளங்கை அளவு பித்தளைக் கல். அதில் பேர், பிறந்த வருஷம், கடைசியில் என்ன ஆனாங்க... அவ்வளவுதான். உயிர் தப்பினவங்களுக்கும் கல் உண்டு. 2023-ல் ஒரு லட்சத்தைத் தாண்டியாச்சு. கறுத்துப்போன கல்லை அக்கம்பக்கத்துக்காரங்களும் ஸ்கூல் பசங்களும் தேய்ச்சுத் துடைக்கிறாங்க.

அது இன அழிப்பு. இது உரிமைப் போராட்டம். ரெண்டும் ஒண்ணில்ல. ஆனா, செத்தவங்களை வெறும் நம்பரா விட்டுடக் கூடாதுங்கிறது ரெண்டுக்கும் பொது. வர்ற ஜூலை 30 அஞ்சலிக்குப் போங்க. அங்கே வர்ற பெரியவங்ககிட்ட 12 பேரையும் கேட்டு, நோட்டுல எழுதிக்கோங்க. மறக்காம, உங்க தம்பி தங்கச்சிக்கும் சொல்லுங்க!