மால்குவின் காதும் நமது வாளும்

இறைவன் பெயரைச் சொல்லும் நாவே கொலைக்கும் ஆணையிடுமானால், செபமாலை ஏந்தும் கையே கல்லும் எறியுமானால், அந்தச் சமயத்தை எவ்வாறு நம்புவது? இக்கேள்வி புதியதன்று. ஆயினும் இன்று அது சேர்வராயன் மலையின் கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் கடந்து, கிளியூரிலும் சுற்றியுள்ள காப்பித் தோட்டங்களிலும் வாழும் நம் இறைமக்களின் வாயிற்படிக்கே வந்துவிட்டது. சேலத்துக் கல்லூரிகளில் பயிலும் நம் பிள்ளைகள் அதனைக் கேட்டுத் திரும்புகின்றனர். சேர்வராயரை வழிபட்டு நம்மோடு அண்டை அயலாராய் வாழும் மலையாளி மக்களும் அதனை வாய்விட்டுக் கேட்காமலேயே நம்மை உற்று நோக்குகின்றனர்.

இக்கேள்விக்கு நம்மவர் வழக்கமாகக் கூறும் பதில்கள் சில உண்டு. அவற்றுள் எதுவும் பதிலாகாது என்பதே நமது வாதம். கேள்வி கேட்போருக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. ஆனால் முதலில் நம் வீட்டைப் பார்ப்போம்.

உரோமைக்கும் ஐரோப்பாவுக்கும் போக வேண்டியதில்லை. எறையூருக்குப் போவோம். அன்று விழுப்புரம் மாவட்டத்திலும் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அடங்கிய ஊர் அது. புதுவை - கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. 1930இல் சேலம் மறைமாவட்டம் உருவாகுமுன், நம் முன்னோர் பலரும் புதுவை ஆயரின் மக்களாகவே இருந்தனர். ஆகவே எறையூர் நமக்கு அயலூர் அன்று. அங்கே செபமாலை அன்னையின் ஆலயம் ஒன்றிருந்தும் அதனுள் இரு மக்கள் இருந்தனர். தலித் கிறிஸ்தவர்க்கு இருக்கை வேறு. இறந்தபின் புதைகுழியும் வேறு. அம்மக்கள் சகாய அன்னையின் பெயரால் தமக்கென ஓர் ஆலயம் எழுப்பினர், அதனைத் தனிப்பங்காக உயர்த்துமாறு வேண்டினர், உண்ணாநோன்பும் இருந்தனர். 2008 மார்ச் 9ஆம் நாள் அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியோர் வேற்றுச் சமயத்தார் அல்லர்; அதே ஊரின் வன்னியக் கிறிஸ்தவர்கள். காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. தாக்கியோர் தரப்பில் இருவர் மாண்டனர். அவர்களும் நம் சகோதரரே; அவர்களுடைய ஆன்மாக்களுக்காகவும் மன்றாடுகிறோம்.

அந்நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. இலாசரின் கல்லறைமுன் ஆண்டவர் கண்ணீர் வடித்த நற்செய்திப் பகுதியை உலகெங்கும் திருச்சபை வாசித்த ஞாயிறு. அந்த வாரத்தில்தான் எறையூரில் கற்கள் பறந்தன.

இனி வழக்கமான பதில்களுக்கு வருவோம். "அவர்கள் உண்மைக் கிறிஸ்தவர்கள் அல்லர்" என்பது முதலாவது. கேட்பதற்கு இது இனிது. எனினும் கத்தோலிக்கர் இதனைச் சொல்ல இயலாது. நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் தொனாத்திஸ்தர் என்போர், தூயோர் மட்டுமே திருச்சபை என்றும், தவறிழைத்த குரு வழங்கும் அருளடையாளம் செல்லாது என்றும் வாதிட்டனர். புனித அகுஸ்தினார் அவர்களை மறுத்தார். கோதுமையும் களையும் அறுவடை நாள்வரை ஒரே வயலில் நிற்கும் என்னும் ஆண்டவரின் உவமையை எடுத்துக் காட்டினார். திருமுழுக்கு பதிக்கும் முத்திரை அழியாதது என்பது நம் மறைக்கல்வி. ஒருவர் புண்ணியம் செய்யும்போது அவரை நம்மவர் என்று கொண்டாடிவிட்டு, பாவம் செய்யும்போது அந்நியராக்கிவிட முடியுமோ? எறையூரில் கல்லெடுத்த கையும் நற்கருணை ஏந்திய கையே. அது நம் கை.

"இது என்றோ நடந்த பழங்கதை" என்பது இரண்டாவது. கோவாவின் சமய விசாரணை மன்றம் 1560இல் தொடங்கி, இடையில் சில ஆண்டுகள் நின்று, 1812இல்தான் முடிவுற்றது. நம்மவர் அதனை ஏதோ இருண்ட காலத்துக் கொடுமை என்று கடந்து செல்கின்றனர். ஆனால் அத்தகைய மன்றம் வேண்டுமென்று 1546இல் போர்த்துக்கல் அரசர் மூன்றாம் யோவானுக்குக் கடிதம் எழுதியவர் புனித சவேரியார். முத்துக்குளித்துறை மக்களுக்காக அதிகாரிகளோடு போராடிய அதே சவேரியார்! புனிதரிடத்தும் அவர் காலத்தின் வாள் இருந்தது. அதனை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. பழங்கதையென்று சொல்வோர் ஆப்பிரிக்காவையும் நோக்குக. 1994இல் ருவாண்டா நாட்டில் இனப்படுகொலை நிகழ்ந்தபோது அதன் மக்களில் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர். ஆலயங்களில் அடைக்கலம் புகுந்தோர் ஆலயங்களிலேயே வெட்டுண்டனர். நியாங்கே என்னும் பங்கில், உள்ளே மக்கள் இருக்கவே ஆலயம் இயந்திரங்களால் இடிக்கப்பட்டது. அக்குற்றத்தில் பங்குகொண்டதற்காக அப்பங்கின் குருவுக்குப் பன்னாட்டு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அத்தீர்ப்பு வெளியான நாள் 2008 மார்ச் 12. எறையூர் எரிந்த மூன்றாம் நாள்! குருத்துவம் பெற்ற எவரும் இச்செய்தியை நடுக்கமின்றிப் படிக்க இயலாது.

"பிறர் செய்த கொடுமை இதனினும் பெரிது" என்பது மூன்றாவது. இருக்கலாம். ஆனால் ஆலயத்தில் நின்று, தான் அந்த வரிதண்டுபவனைப் போன்றவன் அல்லன் என்று நன்றி கூறிய பரிசேயனின் செபத்தை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்? அதே 2008இன் ஆகஸ்டில், ஒடிசாவின் கந்தமாலில் கிறிஸ்தவர்கள் தாக்கப்பட்டபோது நாம் கண்ணீர் சிந்தினோம், அது முறையே. எறையூருக்காக நம் பங்கில் எத்தனை மன்றாட்டுகள் எழுந்தன என்று வாசகர் ஒவ்வொருவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்க. அடிபட்டபோது மட்டும் உரக்கப் பேசி, அடித்தபோது வாய்மூடி நின்றால், நம் கண்ணீரை யார் நம்புவர்?

"ஊற்று தூயது, ஓடையில்தான் அழுக்குக் கலந்தது" என்பது நான்காவது. மலைவாழ் மக்களாகிய நமக்கு இவ்வுவமையின் குறை எளிதில் விளங்கும். ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் நீர் கிளியூர் அருவியாய் விழுகிறது. ஏரியில் அழுக்குச் சேர்ந்தால் அருவிக்கென்று வேறு நீர் வந்து விழாது. அருவிக்கரையில் தாகத்தோடு நிற்பவனிடம் மேலே எங்கோ தூய ஊற்று உண்டென்று சொல்லிப் பயன் என்ன? அவன் கையேந்திப் பருகுவது நம் வழியாய் வந்த நீரைத்தான். விசுவாசிகளின் வாழ்வே பலருக்கு இறைவனின் முகத்தை மறைத்துவிடுகிறது என்றும், நாத்திகம் பிறப்பதில் அவர்களுக்கும் பங்குண்டு என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில் 1965இலேயே ஒப்புக்கொண்டது.

அப்படியாயின் கேள்வி கேட்போர் வென்றுவிட்டனரா? இல்லை. அவர்கள் இரண்டு வேறுபட்ட கருத்துகளை ஒன்றாக்கிவிடுகின்றனர். ஒரு செய்தி உண்மையானதா என்பது ஒன்று. அதனை அறிவிப்போர் நம்பத்தக்கவரா என்பது மற்றொன்று. பொய்யர் ஒருவர் விடிந்துவிட்டது என்று கூறுவதால் கதிரவன் உதிக்காமல் இருப்பதில்லை. சிலுவையில் மாண்ட நாசரேத்தூர் இயேசு உயிர்த்தார் என்றால், எறையூரின் கற்களால் அது பொய்யாகாது. உயிர்க்கவில்லை என்றால், நம் புண்ணியங்களால் அது மெய்யாகாது. வன்முறை அழிப்பது நம் சான்று வாழ்வை. இவ்விழப்பு சிறிதென்று நாம் சொல்லவில்லை. கனிகளால் மரத்தை அறியலாம் என்ற அளவுகோலைத் தந்தவரே ஆண்டவர்தாம். அதனைக் கையிலெடுத்து நம்மை அளப்போர் மீது நாம் சினங்கொள்ள உரிமையில்லை.

இங்கே வேறோர் உண்மையையும் மறைத்தல் ஆகாது. தீமை எப்பொழுதும் போதனைக்கு வெளியிலிருந்தே வந்ததன்று. தொனாத்திஸ்தரைச் சொல்லால் மறுத்த அகுஸ்தினாரே, பின்னாளில் அரசின் வன்மையால் அவர்களைத் திரும்பக் கொணர்தல் தகும் என்று எழுதினார். விருந்துக்கு வரும்படி மக்களை வற்புறுத்துமாறு தலைவன் பணித்த உவமையை அதற்குத் துணையாக்கினார். அவ்விளக்கம் பல நூற்றாண்டுகள் பல கைகளில் வாளாயிற்று. 1965 டிசம்பர் 7இல் சமய சுதந்திரம் பற்றிய அறிக்கையில், எந்த மனிதரையும் சமயக் காரியத்தில் வற்புறுத்தலாகாது என்று சங்கம் அறிவித்தது. 2000 மார்ச் 12இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், உண்மையின் பெயரால் திருச்சபையின் மக்கள் செய்த வன்முறைக்காக இறைவனிடம் பகிரங்கமாக மன்னிப்பு வேண்டினார். 2017 மார்ச் 20இல் திருத்தந்தை பிரான்சிஸ் ருவாண்டாவுக்காக அவ்வாறே வேண்டினார். காலந்தாழ்ந்த மன்னிப்பென்று குறை கூறலாம், அக்குறை நியாயமானதே. ஆயினும் தன்னைக் குற்றஞ்சாட்டும் நூலைத் தன் பீடத்தின்மேலேயே வைத்து ஞாயிறுதோறும் உரக்க வாசிக்கும் சபை, திருந்தும் வாய்ப்பை முற்றிலும் இழந்துவிடுவதில்லை.

அந்நூலிலேயே இக்கேள்விக்கு விடையும் உண்டு. கிறிஸ்துவின் சீடர் செய்த முதல் வன்முறை எங்கே நிகழ்ந்தது? கெத்சமனித் தோட்டத்தில். முதல் நற்கருணை உண்டு எழுந்த அதே இரவில். வாளை உருவியவர் பேதுரு. காது அறுபட்டவர் தலைமைக் குருவின் பணியாளர் மால்கு. பேதுருவின் மானத்தைக் காக்கவேண்டி நற்செய்தியாளர் இதனை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. நால்வரும் எழுதினர், யோவான் இருவர் பெயரையும் சொன்னார். அப்போது ஆண்டவர் செய்தது என்ன? வாளை உறையில் இடச் சொன்னார். வெட்டுண்ட காதைத் தொட்டு நலமாக்கினார் என்று லூக்கா எழுதுகிறார். இவன் என் சீடன் அல்லன் என்று அவர் சொல்லவில்லை. அன்றிரவு பேதுருதான் அவரை மும்முறை மறுதலித்தார். அவர் பேதுருவை மறுதலிக்கவில்லை. தவறியவனைத் தம்மவன் என்றே ஏற்றார். காயம்பட்டவனிடம் முதலில் சென்றார். வன்முறைக்கு முன் திருச்சபை நிற்க வேண்டிய முறை இதுவே.

நாம் இம்முறையைத் தலைகீழாக்கினோம். பேதுருவுக்கு வழக்கறிஞரானோம், மால்குவை மறந்தோம். எறையூரின் தலித் மக்கள் கேட்டதை எண்ணிப் பாருங்கள். இத்தகைய இழிவுக்குப்பின் அவர்கள் திருச்சபையைவிட்டே போயிருக்கலாம்; யாரும் வியந்திருக்கமாட்டார். அவர்களோ ஒரு பங்கைக் கேட்டனர். தங்களுக்கு ஒரு பீடமும் ஒரு குருவும் வேண்டினர். அடித்தவரைக் கண்டு கிறிஸ்துவை அளப்போர், அடிபட்டும் அவரை விடாதவர்களையும் கண்டே அளக்க வேண்டும். கிறிஸ்தவத்துக்குச் சாட்சி யாரென்று நம்மைக் கேட்டால் அவர்களையே காட்டுவோம். 1752இல் காற்றாடிமலையில் சுடப்பட்ட தேவசகாயமும் அவர்களோடு நிற்கிறார். 2022 மே 15இல் அவர் புனிதராக உயர்த்தப்படுமுன், அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பட்டத்தைத் திருச்சபை நீக்கியது. பீடத்தில் நீங்கிய அப்பட்டம் நம் திருமண அழைப்பிதழ்களில் நீங்கிற்றா?

நீங்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்றுண்டு. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவரை 1910இல் கௌசானல் அடிகளார் அகற்றினார். எதிர்ப்பு எழுந்தது; வழக்கும் தொடரப்பட்டது. சுவர் மீண்டும் எழவில்லை. ஆயிரம் மறையுரைகளைவிட அந்த ஒரு சுவர் விழுந்தது அம்மக்களுக்கு நற்செய்தியாயிற்று.

ஆகவே, கிறிஸ்தவத்தைக் காப்பாற்ற விரும்பும் நம் பொதுநிலையினர்க்கு ஒன்று சொல்வோம். வாதத்தை விட்டுவிடுங்கள். நம் பங்கில் திருவிழாத் தேரை யார் தூக்குகின்றனர், பங்குப் பேரவையில் யாருக்கு இடமில்லை, கல்லறைத் தோட்டத்தில் எந்த ஓரம் யாருக்கென ஒதுக்கப்பட்டது என்று கேளுங்கள். தோட்டத் தொழிலாளி ஒருவர் இறந்தால் முதலாளி வீட்டார் அவர் உடல்முன் முழந்தாளிடுகின்றனரா என்று பாருங்கள். எறையூரின் கல் 2008இல் எறியப்பட்டது. ஆனால் அது பல தலைமுறைகளாக ஆலயத்தின் இருக்கைகளுக்கு இடையிலேயே கிடந்தது. அத்தகைய கற்கள் நம் ஆலயங்களிலும் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி வெளியே எறிவோம். அதன்பின் நம் அண்டை வீட்டு மலையாளிச் சகோதரர் அதே கேள்வியைக் கேட்பாரானால், அவருக்கு நாம் காட்டுவதற்கு ஏதேனும் இருக்கும்.