'கவனக்குறைவு' என்று எழுதுவதற்கு முன்...



நம்ம மாவட்டத்தில் எங்கே விபத்து நடந்தாலும் மறுநாள் பேப்பரில் ஒரு வார்த்தை தவறாமல் வந்துவிடும்: 'கவனக்குறைவு'. பட்டாசு ஆலையில் வெடித்தால் தொழிலாளியின் கவனக்குறைவு. நாலுவழிச் சாலையில் வேன் கவிழ்ந்தால் டிரைவரின் கவனக்குறைவு. அந்தக் கவனம் முந்தின ராத்திரி எங்கே தொலைந்தது என்று யாராவது கேட்டதுண்டா?

'ஸ்லீப் ஆப்னியா' என்று ஒரு நோய். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைத்துக்கொள்ளும். 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுபோகும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை பதறி ஆளை அரைகுறையாக எழுப்பும். 'கர்ர்ர்' என்று மூச்சு திரும்பும். அப்புறம் மறுபடி அடைப்பு. மணிக்கு 5 தடவையைத் தாண்டினால் நோய் என்கிறார்கள்; 30-ஐத் தாண்டினால் கடுமையான நோய். காலையில் அந்த ஆளுக்கு எதுவுமே ஞாபகம் இருக்காது. "எட்டு மணி நேரம் தூங்குனேன், அசதி போகலையே" என்பார். மெக்கானிக்கல் மாணவனாக ஒன்று கேட்கிறேன்: இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் ட்ரிப் ஆகும் மோட்டாரை 'எட்டு மணி நேரம் ஓடியது' என்று லாக் புக்கில் எழுதுவோமா?

இதில் முதலில் அடிவாங்குவது கவனம்தான். ஞாபகமும் யோசித்து முடிவெடுப்பதும் கூடவே மந்தமாகும். அமெரிக்காவில் நெல்சன் பவல் குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோய் மிதமாக இருந்தவர்களே, கையின் வேகத்தைச் சோதித்தபோது குடித்திருந்தவர்களைவிட மோசமாகச் செய்தார்கள். சில அளவுகளில், 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் ஏறியவர்களுக்குச் சமமாகவோ அதைவிடக் கீழாகவோ இருந்தார்கள். நம் நாட்டில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம்! குடித்தவனைப் பிடிக்க ஊதச் சொல்கிறோம். தூங்காதவனை எதைக் கொண்டு பிடிப்பது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கி.மீ. வேகத்தில் போகும் பஸ் ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் போய்விடும். பிரேக்கில் கால் வைக்க அரை விநாடி தாமதித்தால் 8 மீட்டர். விடியுமுன் கிராமம் கிராமமாக ஆளேற்றி ஆலைக்கு வரும் வண்டிகளை நினைத்தால் எனக்குப் பகீரென்கிறது.

பட்டாசு வேலைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மருந்து பற்றிக்கொண்டால் எப்பேர்ப்பட்ட சூரனாலும் கையை இழுக்க முடியாது. அங்கே காப்பாற்றுவது அதற்கு முந்தின நிதானம்தான்: உராயாமல் கலப்பது, கீழே சிந்தியதைக் கவனிப்பது, கை சற்று அழுந்துகிறதே என்று உணர்வது. தூக்கம் கெட்ட மூளை கோட்டை விடுவது இந்த மாதிரிச் சலிப்பூட்டும் வேலையில்தான்.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு பயமும் உண்டு. 'தொழிலாளி தூங்கிட்டான்' என்று முதலாளிமார் இதையே சாக்காக்கிவிடக் கூடாது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர், 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் பலியானார்களே, அங்கெல்லாம் பேசப்பட்டது அளவுக்கு மீறிய மருந்து, அளவுக்கு மீறிய ஆள், விதிமீறல். அதையெல்லாம் குறட்டைக்குப் பின்னால் ஒளிக்க விடமாட்டோம்! நான் கேட்பது, ஆளைக் குற்றம் சொல்வதற்குப் பதில் அவர் எப்படித் தூங்குகிறார் என்று விசாரிக்க வேண்டும் என்பதுதான்.

எங்க வீட்டில் அப்பா குறட்டை விட்டால் "உழைச்ச உடம்பு, நல்லாத் தூங்குறாரு" என்பார் அம்மா. ஊரே அப்படித்தான் நினைக்கிறது. எல்லாக் குறட்டையும் நோயில்லைதான். குறட்டை நடுவில் சட்டென்று நின்று, திணறி, மறுபடி தொடங்கினால் டாக்டரிடம் காட்ட வேண்டும். குண்டானவர்களுக்கு அதிகம் வரும். தாடை சிறுத்த ஒல்லிப்பிச்சான்களுக்கும் வரலாம். எடை குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, ராத்திரிக் குடியை விடுவது சிலருக்குப் போதும். கடுமையானால் மூக்கில் மாட்டிக் காற்றை அழுத்தும் கருவி. ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981-இல் வெளியிட்ட முறை அது. கருவி இருக்கிறது, தினக்கூலிக்காரர் கைக்கு எட்ட வேண்டுமே! 2022-இல் விருதுநகரில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியும், சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் டிரைவர்களுக்கும் கலவை அறைக்காரர்களுக்கும் தூக்கப் பரிசோதனையை இலவசமாகச் செய்து தரட்டும்.

நமக்கென்ன என்கிறீர்களா? காலண்டர் சீசனில் அச்சகத்தில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு ஒர்க்‌ஷாப்பில் லேத் முன்னால் நிற்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தாலே 50 மில்லிகிராம் ஏறிய நிலைதான் என்று 1997-இலேயே ஆஸ்திரேலியாவில் சோதித்துச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு ஸ்கேல் போதும். நண்பன் மேலிருந்து விடட்டும், நீ இரு விரலால் பிடி. 20 சென்டிமீட்டரில் பிடித்தால் 0.2 விநாடி, முதலாண்டு பிசிக்ஸ் சூத்திரம்தான். நன்றாகத் தூங்கிய நாளில் பத்துத் தடவை, நைட் ஷிப்ட் முடித்த நாளில் பத்துத் தடவை பிடித்துக் குறித்து வையுங்கள். சராசரியைவிட, ஸ்கேல் முழுசாகக் கீழே விழுந்த தடவைகளை எண்ணுங்கள். அந்தத் தாள்களை நம் சங்க அறையில் கொடுத்தால், அடுத்த ரத்ததான முகாமுக்கு ஒரு காது-மூக்கு-தொண்டை டாக்டரையும் கூப்பிடச் சொல்லிச் செயலாளர் அண்ணனிடம் நானே கேட்கிறேன்.