நல்ல நேரம் மட்டும் பார்த்தால் போதுமா?

2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் நடக்கும் பிரசவங்களில் நூற்றுக்கு 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் பார்த்தால் 64. இத்தனை சிசேரியன் தேவையா என்று பட்டிமன்றம் போல எல்லோரும் பேசுகிறோம். ஆபரேஷன் முடிந்தவளின் வலியைப் பற்றி யார் பேசுகிறோம்?

எங்கள் தாராபுரம் பக்கம், 'அவளுக்கென்ன, வலியே இல்லாம பெத்துக்கிட்டா' என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். முதுகில் போடும் மரப்பு ஊசி சில மணி நேரம்தான். அது இறங்கிய பிறகு, தையல் போட்ட வயிற்றோடு இருமுவதும், திரும்பிப் படுப்பதும், பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுப்பதும் எத்தனை பாடு! கேட்டால், "பல்லைக் கடிச்சிட்டுப் பொறுத்துக்க அம்மணி, மாத்திரை பால்ல எறங்கி கொழந்தைக்கு ஆகாது" என்பார்கள் அம்மாயியும் மாமியாரும்.

பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் இரண்டும் பாலில் மிகச் சொற்பமாகத்தான் இறங்கும். பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு டாக்டர்கள் வழக்கமாகக் கொடுப்பவைதான். வலி உச்சிக்கு ஏறிய பிறகு கேட்காமல், சொன்ன நேரத்துக்குச் சாப்பிட்டால்தான் வலி கட்டுக்குள் இருக்கும். வலி குறைந்தால் சீக்கிரம் எழுந்து நடக்கலாம். நடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் குறையும். அல்சர், ஆஸ்துமா, கிட்னிக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு பயம், முதுகு ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி என்பது. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும். சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வரும். உடனே சொன்னால் வைத்தியம் உண்டு. ஆனால் வருஷக்கணக்கில் நீளும் முதுகுவலிக்கு ஊசிதான் காரணம் என்று ஆராய்ச்சிகளில் நிரூபணமாகவில்லை. சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும்தானே முதுகு வலிக்கிறது? ஒரு மாதத்திலேயே தண்ணீர்க் குடத்தைத் தூக்க வைத்துவிட்டு, பழியை ஊசி மேல் போடுகிறோம்!

1853ல் இங்கிலாந்து ராணி விக்டோரியா பிரசவத்தில் குளோரோஃபார்ம் வாங்கிக்கொண்டார். மகாராணிக்கே தாங்க முடியாத வலியை நம் வீட்டுப் பெண் ஏன் சும்மா பொறுக்க வேண்டும்?

தேதி குறித்துச் செய்யும் சிசேரியனுக்கு நல்ல நேரம் கேட்டு ஜோசியரிடம் ஓடுகிறோம். அப்படியே மயக்க மருந்து டாக்டரிடமும் மூன்று கேள்வி கேட்போம். மரப்பு எவ்வளவு நேரம் இருக்கும்? இறங்கியதும் வலிக்கு என்ன கொடுப்பீர்கள்? நடுராத்திரியில் வலித்தால் யாரைக் கூப்பிடுவது? கேட்பதில் வெட்கம் என்ன சகோதரிகளே?

- ஓர் இல்லத்தரசி, தாராபுரம்.