சங்கக்கடையும் ஏழையின் மானமும்

பசித்தவனுக்குச் சோறிடுவது பேரறம் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால், சோற்றைக் கொடுத்து மானத்தைப் பறித்துக்கொள்வதும் அறமாகுமா? 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், செப்டெம்பர் மாதத்தில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. அக்காலத்தில் எம் ஊர்களுக்கு நிவாரணப் பொதிகள் வந்தன. அவற்றோடு படம் பிடிப்போரும் வந்தனர். ஒரு பொதி அரிசிக்காகத் தாயொருத்தி பலர் முன்னே தலைகுனிந்து நிற்க நேர்ந்தது. கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. கொடுத்த முறையையே கண்டிக்கின்றோம்.

வேறு முறை உண்டோ என வினவுவோர் நெடுந்தூரம் தேட வேண்டியதில்லை. ஊர்ச் சந்தியில் நிற்கும் சங்கக்கடையே அதற்கு விடை. 1844 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் றொச்டேல் நகரிலே நெசவாளரும் பிற தொழிலாளருமாகிய 28 பேர், ஆளுக்கொரு பவுண் பங்குப்பணம் சேர்த்து, மாவும் வெண்ணெயும் சீனியும் விற்கும் சிறு கடையொன்றைத் திறந்தனர். கலப்படமற்ற பொருள், குறையாத நிறை, ஆளுக்கு ஒரு வாக்கு, வாங்கிய அளவுக்கேற்ற இலாபப் பங்கு என்பனவே அவர்தம் விதிகள். அவர்கள் எவர் வாசலிலும் கையேந்தவில்லை. தமக்கென ஒரு வாசலைத் தாமே திறந்தனர்.

எமது நாட்டிலும் இவ்வழி புதியதன்று. 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஐக்கிய நாணய சங்கங்கள் தோன்றின. 1936 இல் மூளாய் மக்கள் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே நிறுவினர். 1942 இல் பர்மா யப்பானியர் வசமாகி அரிசி வரவு தடைப்பட்டபின், பங்கீட்டுணவை வழங்க ஐக்கிய பண்டகசாலைகள் ஊர்தோறும் எழுந்தன. அந்நாளில் நீதவான் வீட்டிலும் கூப்பன் இருந்தது. கூலியாள் வீட்டிலும் இருந்தது. கூப்பனோடு வந்தவனை எவரும் ஏழையெனச் சுட்டவில்லை. 1979 இல், மாத வருமானம் 300 ரூபா என்னும் எல்லையை வைத்து உணவு முத்திரை புகுத்தப்பட்டபோதோ, வறுமைக்கே ஓர் அடையாளச் சீட்டுக் கிடைத்தது. பொருள்களின் விலை ஏறியது. முத்திரையின் பெறுமதி ஏறவில்லை.

இத்தகைய சங்கங்கள் தளர்ந்தது ஏன்? 1970 களின் தொடக்கத்தில் சிறு சங்கங்கள் பெருஞ் சங்கங்களாக இணைக்கப்பட்டன. நெறியாளர் சபைகளில் ஆட்சியாளரின் நியமனம் புகுந்தது. அங்கத்தவனின் கடை அரசாங்கத்தின் விநியோகக் கடையாக மாறியது. பின்னர் போர் வந்தது. 1990 களின் பொருட்தடைக்கிடையிலும் இடம்பெயர்ந்தோருக்கு உலருணவு பங்கிட்ட பெருமை எம் சங்கங்களுக்கு உண்டு. ஆயினும், பழி முழுவதையும் கொழும்பின்மேற் சுமத்துவது நேர்மையாகாது. பொதுக்கூட்டத்துக்குப் போகாதவர் யார்? கணக்கறிக்கையை வாசியாமலே கையுயர்த்தியவர் யார்? சாதி பார்த்துச் சிலரைச் சங்கத்தின் வெளியே நிறுத்தியவர் யார்? நாமேயன்றோ!

கையிற் காசில்லாதவன் எங்ஙனம் அங்கத்தவனாவான் என்று கேட்பர். நியாயமான கேள்வி. பங்குப்பணத்தைத் தவணையாகவோ கடையில் செய்யும் வேலைக்கு ஈடாகவோ ஏற்கலாம். ஆண்டு மிகுதியிலிருந்து ஒரு பகுதியைத் துயர் துடைப்பு நிதியாகப் பொதுக்கூட்டமே ஒதுக்கலாம். அந்நிதியிலிருந்து உதவி பெறுபவர் மற்றவரைப்போல அதே வரிசையில் நின்று அதே சிட்டையோடு பொருள் வாங்கட்டும். அவர் பெயர் சங்கத்தின் ஏட்டுக்குள் அடங்கட்டும். வசதி வந்தபோது, அறுவடை முடிந்தபோது, அவரே அந்நிதிக்கு இரண்டு கொத்து நெல் அளக்கட்டும். பெற்றவர் கொடுப்பவராகவும், கொடுத்தவர் ஒருநாள் பெறுபவராகவும் இருக்கக்கூடிய ஏற்பாட்டில் இழிவுக்கு இடமேது?

கமக்காரருக்கும் இதில் நலமுண்டு. அறுவடைக் காலத்தில் அடிமாட்டு விலைக்கு நெல்லை விற்றவரே சில மாதங்களின்பின் கூடிய விலைக்கு அரிசி வாங்குகின்றார். சங்கம் அந்நெல்லை வாங்கி, குற்றி, ஊருக்கே விற்குமாயின் இடையில் மறையும் பணம் ஊரிலேயே தங்கும். கற்றோருக்கும் கடமையுண்டு. கணக்காளர் மாதத்தில் ஒரு மாலையைச் சங்கக் கணக்குக்குக் கொடுக்கட்டும். எம்போன்ற சட்டத்தரணிகள் துணைவிதிகளை அங்கத்தவருக்கு விளக்கட்டும். ஆசிரியர்கள் பொதுக்கூட்டத்துக்கு ஊரை அழைத்துவரட்டும்.

அரசு தன் கடமையைத் தட்டிக்கழிக்க இது சாட்டாகிவிடக் கூடாது. வறியோர்க்கு உணவு கிடைக்கச் செய்வது அரசின் பொறுப்பே, அதனை வற்புறுத்துவோம். ஆனால், 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் மாகாணத்துக்கு உரியதாக்கிய விடயங்களுள் கூட்டுறவும் ஒன்று என்பதை மறவாதிருப்போம். சுயாட்சி எமது பிறப்புரிமை. அதற்கு எவரும் நிபந்தனை விதிக்க முடியாது. எனினும், அதனை ஆளும் பயிற்சியை ஊர்ச் சங்கக்கடையிலேயே தொடங்கலாம். அடுத்த பொதுக்கூட்ட அறிவித்தல் வரும்போது அதனை மடித்து வைத்துவிடாதீர்கள். எழுந்து செல்லுங்கள். பசித்தவர் கையேந்தும் நிலையும் உரிமையோடு வாங்கும் நிலையும் அக்கூட்டத்தில் உங்கள் வாக்கைப் பொறுத்தவை.